சந்தை ஊரும் ஒரு வழக்கும்

அன்புள்ள சேகர்,

பதிலே வரவில்லை என்று வசந்தியிடம் புலம்பினாயாமே. சரி, இதோ. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது.

வக்கீலான உனக்குச் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று கிடைத்தது. ஜெர்மனியில், பாஸா நகரத்துக்கு மேற்கே, டான்யூப் நதிக்குத் தெற்கே ஓர்டன்புர்க் என்று ஒரு சின்னச் சந்தை ஊர். குன்றின் மேல் கோட்டை, கீழே கடைத்தெரு, அங்கேயே லுத்தரன், அதாவது புராட்டஸ்டன்ட் தேவாலயம். சுற்றிலும் எந்தப் பக்கம் போனாலும் கத்தோலிக்க ஊர்கள். இது மட்டும் எப்படித் தப்பியது?

ஆள்பவரின் மதமே குடிகளின் மதம் என்று 1555-ல் ஆக்ஸ்பர்க் நகரில் முடிவானது உனக்குத் தெரியும். 1563-ல் யோவாகிம் பிரபு இங்கே லுத்தரன் வழிபாட்டைக் கொண்டுவந்தார். சுற்றியிருந்த கத்தோலிக்க பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் விடுவாரா? ஓர்டன்புர்க் தனி நாடே இல்லை, என் ஆட்சிக்கு உட்பட்டது என்றார். கோட்டையில் படையை இறக்கினார். மாட்டிக்ஹோஃபனில் இருந்த யோவாகிம்மின் கோட்டையில் அகப்பட்ட கடிதங்களை வைத்து யோவாகிம்மீதும் அவர் கூட்டாளிகள்மீதும் ராஜத்துரோகப் பழி வேறு. பவேரியாவுக்குள் இருந்த யோவாகிம்மின் நிலங்களும் பறிபோக, மனிதர் கடனில் மூழ்கினார். ஆனாலும் வழக்கை விடவில்லை பார்! 1573-ல் புனித ரோமானியப் பேரரசின் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஓர்டன்புர்க் நேரே பேரரசருக்குக் கட்டுப்பட்டது. அதாவது அங்கே ஆள்பவர் கோமகன் இல்லை, யோவாகிம்தான். நம் நாகராஜன் சார் இதைக் கேட்டிருந்தால் பெஞ்சு மேலேயே ஏறியிருப்பார்.

தீர்ப்பு வந்தும் கோமகன் நிலங்களைத் திருப்பித் தரவில்லை. ஆனால் ஊருக்குள் மதத்தில் கைவைக்க முடியவில்லை. பவேரியக் குடியானவர்கள் பிரசங்கம் கேட்க எல்லை தாண்டி இங்கே நடந்து வந்தார்கள், அகப்பட்டால் தண்டனை என்று தெரிந்தே. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. அடுத்த நூற்றாண்டில் ஆஸ்திரியாவில் லுத்தரன்களை விரட்டியபோது பலர் வந்து குடியேறியதும் இங்கேதான்.

1805-ல் ஊர் பவேரியாவோடு சேர்ந்துவிட்டது. இன்று ஸம்மராய் என்ற கத்தோலிக்க யாத்திரைத் தலமும் இதே ஊராட்சிக்குள்தான். பழைய மரக் கோயிலை உள்ளே வைத்து, சுற்றிப் பெரிய தேவாலயம் எழுப்பியிருக்கிறார்கள். நீ அவசியம் பார்க்க வேண்டும்.

அப்புறம், எனக்கு ஒரு பதில் வேண்டும். அந்த நீதிமன்றத்துக்குச் சொந்தமாகப் படை கிடையாது. பிறகு ஏன் அத்தனை பெரிய கோமகன் ஒரு காகிதத்துக்கு அந்த மட்டுக்காவது அடங்கினார்? சட்டப் புத்தகத்தைப் புரட்டி விரிவாக எழுது, ஒற்றை வரியில் மழுப்பாதே.

அன்புடன்,
முரளி