அண்ணி, குடல் ஒட்டியதற்கு நீங்கள் காரணம் இல்லை

அன்புள்ள அண்ணி,

வயிற்றுக்குள் குடல் ஒட்டி அடைத்துக்கொண்டு மருத்துவமனையில் இருந்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் போனில் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "நான் என்ன தப்பு பண்ணேன்?" சிசேரியனுக்கு அப்புறம் பெல்ட் கட்டாதது, பச்சை உடம்போடு தண்ணீர்க் குடம் தூக்கியது, தயிர் சாப்பிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே எதையோ வைத்துத் தைத்துவிட்டார்கள் என்றுகூட ஒருவர் சொன்னாராம். அன்றைக்கு நான் அவசரத்தில் சொன்ன பதில் போதாது. ஆய்வகத்தில் நான் தினமும் பார்ப்பது வயிற்று உறையின் செல்களைத்தான். உங்களுக்காவது நான் இதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். பொதுவில் போடலாம் என்று நீங்களே சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. ஏற்கெனவே வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்த 210 பேரை மறுபடி திறந்து பார்த்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு 1990-இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்கு 93 பேருக்கு உள்ளே ஒட்டு, அதாவது உறுப்புகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் நார், இருந்தது. பெரும்பாலோருக்கு அது தெரியாமலேயே காலம் போய்விடும். சிலருக்குத்தான் குடல் மடங்கி அடைத்துக்கொள்ளும், சில பெண்களுக்குக் கருக்குழாய் சிக்கிக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் 1986-இல் வயிற்றிலோ இடுப்பிலோ திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட 29,790 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றில் ஒருவர், ஒட்டோடு தொடர்பிருக்கக்கூடிய ஏதோ ஒரு காரணத்துக்காக மறுபடி மருத்துவமனைக்கு வந்திருந்தார். இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றை ஆபரேஷனுக்கு முன்னால் யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இனி உள்ளே நடந்ததைப் பார்ப்போம். குடலையும் வயிற்றின் உட்சுவரையும் போர்த்தியிருக்கிற உறைக்குப் பெரிட்டோனியம் என்று பெயர். விரித்தால் ஏறக்குறைய நம் மொத்தத் தோலின் பரப்பளவு வரும். அதன் மேல்பரப்பு ஒரே ஒரு செல் கனம்தான். மீசோதீலியல் செல்கள் என்கிற அந்தச் செல்கள் வழுவழுப்பான திரவத்தைச் சுரப்பதால்தான் குடல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கிறது. கத்தி பட்டால் மட்டும் இல்லை, காற்றில் காய்ந்தாலே, துணி உரசினாலே, ரத்தப்போக்கை நிறுத்த வைக்கும் சூடு பட்டாலே இந்தச் செல்கள் உதிர்ந்துவிடும். எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனாலும் இதை முழுக்கத் தவிர்க்க முடியாது.

உறை காயப்பட்டதும் ரத்தக் குழாய்கள் கசிகின்றன. கசிந்த நீரில் இருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற ரத்தம் உறைய வைக்கும் புரதம் சில மணி நேரத்திலேயே ஃபைப்ரின் என்ற இழையாக மாறி, பக்கத்துப் பக்கத்துப் பரப்புகளை இழைகளால் இணைத்துவிடும். இது வரைக்கும் எல்லோருக்கும் நடப்பதுதான். வழக்கமாக, இந்த இழைகளைக் கரைக்க மீசோதீலியல் செல்கள் டி.பி.ஏ. என்ற நொதியைச் சுரக்கின்றன. பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசியாகப் போடுவதும் இதே நொதியைத்தான். அது ப்ளாஸ்மின் என்ற இன்னொரு நொதியை உண்டாக்கி ஃபைப்ரினைக் கரைக்கிறது. இதற்குள் உறையும் வளர்ந்துவிடும். தோல் காயம் ஓரத்திலிருந்து உள்நோக்கி மூடும். பெரிட்டோனியமோ நாற்றங்காலில் விதை தெளித்த மாதிரி பல இடங்களில் ஒரே நேரத்தில் முளைத்து மூடும். அதனால் காயம் சின்னதோ பெரியதோ, ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

அந்த ஒரு வாரத்துக்குள் ஃபைப்ரின் கரைந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஒட்டாகிவிடும். கரையாமல் போவதற்கு முக்கியக் காரணம் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம். காயத்துக்கு வந்து சேரும் ரத்தத் தட்டணுக்களும், மேக்ரோஃபேஜ்கள் என்ற கிருமி விழுங்கும் செல்களும் இதை வெளியிடுகின்றன. உறைச் செல்களே சுரப்பதும் உண்டு. இது செல்லின் மேல் இருக்கும் ஏற்பியைப் பிடித்ததும் உள்ளே ஸ்மாட் 2, ஸ்மாட் 3 என்ற புரதங்களில் பாஸ்பேட் ஏறுகிறது. அவை ஸ்மாட் 4-ஐச் சேர்த்துக்கொண்டு உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்குகின்றன. முதலில் முடுக்கப்படுபவற்றில் ஒன்று பி.ஏ.ஐ-1 என்ற புரதத்தின் மரபணு. டி.பி.ஏ.வைச் செயலிழக்கச் செய்வதுதான் அந்தப் புரதத்தின் வேலை. இந்தத் தொடர்பு எவ்வளவு நம்பகமானது என்றால், டி.ஜி.எஃப்-பீட்டா வேலை செய்கிறதா என்று சோதிக்க உலகம் முழுக்க ஆய்வகங்களில் பி.ஏ.ஐ-1 மரபணுவின் முன்பகுதியை வெட்டி, மின்மினிப்பூச்சியின் ஒளிரும் மரபணுவோடு இணைத்து வைத்திருக்கிறோம். சமிக்ஞை வந்தால் செல் ஒளி விடும், கருவி அதை அளந்துவிடும்.

அதே ஸ்மாட் பாதைதான் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தின் மரபணுவையும் முடுக்குகிறது. அதாவது, ஃபைப்ரினைக் கரைய விடாமல் தடுப்பதும், அது இருக்கும் இடத்தில் நிரந்தரமான நாரைக் கட்டுவதும் ஒரே சமிக்ஞை. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தட்டில் வளர்க்கும்போது மீசோதீலியல் செல்கள் பலகோணமாக, இடைவெளி இல்லாமல் அடுக்கி நிற்கும். டி.ஜி.எஃப்-பீட்டா சேர்த்து ஓரிரு நாள் விட்டுப் பார்த்தால் பக்கத்துச் செல்லை விட்டு விலகி, நீளமாகி, நார் சுரக்கும் செல்லைப் போல ஆகியிருக்கும். ஒட்டில் நார் கட்டும் செல்கள் இப்படி மாறியவையா, உறைக்கு அடியிலிருந்து வந்த ஃபைப்ரோபிளாஸ்டுகளா (இயல்பாகவே நார் சுரக்கும் செல்கள்) என்று எங்கள் துறையில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. எலிகளில் ஜூன் என்ற மரபணுவை அடக்கினால் அந்த ஃபைப்ரோபிளாஸ்டுகள் அடங்கி ஒட்டு குறைவதாக ஸ்டான்ஃபோர்டு குழு 2020-இல் காட்டியது. எனக்கு இரண்டுமே நடக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

2021-இல் கனடாவின் கால்கரியிலிருந்து வந்த ஆய்வு இன்னும் முந்தைய கட்டத்தைக் காட்டியது. வயிற்றுத் திரவத்தில் மிதக்கும் மேக்ரோஃபேஜ்கள், காயம் பட்ட சில நிமிடங்களிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தை மூடுகின்றன. சின்னக் காயத்துக்கு அது நல்லது. ஆபரேஷன் அளவுக்குப் பெரிய காயத்தில் அவை பெரிய திரளாகி, அதுவே ஒட்டுக்கு அடித்தளமாகிவிடுகிறது. அப்புறம் கிருமி. சிசேரியன் தவிர உங்களுக்குக் குடல்வால் ஆபரேஷனும் ஆனதே, அது குடல்வால் வெடித்துச் சீழ் பரவிய பிறகுதான் நடந்தது. கிருமி இருந்தால் அழற்சி கூடும், டி.பி.ஏ. இன்னும் குறையும். பெல்ட்டைவிட, தயிரைவிட இதுதான் உங்கள் விஷயத்தில் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

டி.ஜி.எஃப்-பீட்டாவைத் தடுக்க ஒரு மாத்திரை போடக் கூடாதா என்று அண்ணன் கேட்டார். தையல் போட்ட குடல் பிடிப்பதும் இதே சமிக்ஞையால்தான், அண்ணி. முழுக்கத் தடுத்தால் தையல் விட்டு மலம் வயிற்றுக்குள் கசியலாம். அது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இப்போதைக்குக் கையில் இருப்பது, அந்த ஒரு வாரம் இரண்டு பரப்புகளுக்கும் நடுவில் நின்றுவிட்டுக் கரைந்துபோகும் தடுப்புப் படலங்கள். ஹயலுரானிக் அமிலத்தில் செய்த செப்ராஃபிலிம் 1996-இலேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. அதையும் புதிதாக இணைத்த குடலைச் சுற்றிப் போர்த்தக் கூடாது. கையுறைத் தூளும் ஒட்டை உண்டாக்குவதால் தூள் போட்ட கையுறைகளை அமெரிக்கா 2017-இல் தடை செய்தது.

வலிக்கு ஒட்டைப் பிரித்துவிடலாம் என்று யாரோ சொன்னதாகச் சொன்னீர்கள். வெறும் வலிக்காக மட்டும் அவசரப்பட வேண்டாம். நெதர்லாந்தில் நாள்பட்ட வயிற்று வலி உள்ள 100 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு, ஒட்டைப் பிரித்தார்கள். மீதிப் பேருக்கு உள்ளே பார்த்ததோடு சரி. 2003-இல் முடிவு வந்தபோது இரண்டு குழுவுக்கும் வலி குறைந்திருந்தது, பிரித்ததால் கூடுதல் பலன் இல்லை. பிரித்த இடமும் புதுக் காயம்தானே, மறுபடி அதே சமிக்ஞை கிளம்பும். ஆனால் அடைப்பு வேறு. வயிறு உப்பி, விட்டு விட்டுப் பிடித்து இழுத்து, வாந்தி வந்து, காற்று பிரியாமல் போனால் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். போன தடவை மாதிரி மூக்கு வழியாக ட்யூப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றியே சரியாகிவிடலாம். ஆனால் குடலுக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது.

இனி எதற்காக ஆபரேஷன் என்றாலும், லேப்ராஸ்கோப்பியில் முடியுமா, தடுப்புப் படலம் வைக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சிசேரியன், குடல்வால் இரண்டின் ஆபரேஷன் குறிப்புகளையும் மருத்துவமனையில் எழுதி வாங்கி, இப்போதைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரே ஃபைலில் வையுங்கள். அடுத்து யார் வயிற்றைத் திறந்தாலும் எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். வாங்க முடியவில்லை என்றால் சொல்லுங்கள், அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது நானே கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்