செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறவுகளே, வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ் வகுப்பு, முதியோர் ஒன்றுகூடல் எல்லாம் வழமைபோல் நடந்தேறின. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். நான் விரிவாகப் பதிய விரும்புவது, நம் ஓவிய ஆசிரியை வரைந்த ரபி ஹியூகோ கிரினின் உருவப்படத்தைப் பற்றி.

யூத மதகுருவின் படம் தமிழ்ச் சங்கத்துக்கு எதற்கு என்று செயற்குழுவில் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆசிரியை 1990களில் அகதியாக லண்டன் வந்தவர். ஆங்கிலம் பழக வானொலி கேட்ட நாட்களில் பழக்கமான குரல் கிரினுடையது. மார்பிள் ஆர்ச் அருகிலுள்ள மேற்கு லண்டன் யூத ஆலயத்தில் 1964 முதல் 1996இல் மறையும்வரை பணியாற்றியவர் கிரின்; அதற்கு முன் பம்பாயிலும் குருவாக இருந்தார். சமயங்களை ஒரே மேசையில் அமர்த்த உழைத்தவர். அகதிகளை ஒரு நாடு நடத்தும் விதமே அதன் அறத்தின் அளவுகோல் என்பதே அவர் கடைசிக் காலப் பேச்சின் சாரம். புகலிட முடிவுக்காகக் கடிதப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நம் ஆட்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இச்சபைக்கு விளக்கத் தேவையில்லை.

1944இல், 13 வயதில், கிரின் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தம்பி காபி போய்ச் சேர்ந்ததுமே கொல்லப்பட்டான். அந்தக் குளிர்காலம் லீபரோஸ் முகாமில், ஹனுக்கா விளக்குத் திருநாளன்று, தந்தை தம் பங்கு மாஜரினை உருக்கி மண்கிண்ணத்தில் ஊற்றித் திரியிட்டார். சாப்பாட்டை எரிப்பதா என்று மகன் கோபித்தான். சாப்பாடின்றி மூன்று வாரம் தாங்கலாம், நம்பிக்கையின்றி மூன்று நிமிடம் வாழ முடியாது என்றார் தந்தை. விடுதலை கிடைத்த சில நாட்களில் அவரும் இறந்துபோனார்.

முகம் விரைவில் அமைந்தது. அந்த மாஜரின் விளக்கின் வெளிச்சம்தான் ஆசிரியைக்குப் பிடிபடவில்லை. கார்த்திகை விளக்கீட்டன்று தன் சமையலறையில் சிட்டியில் மாஜரின் இட்டு ஏற்றினார். நானும் கூட இருந்தேன். நீர் கலந்த கொழுப்பு; திரி படபடவென வெடித்து இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை நின்றது, புகை படிந்த மங்கல் மஞ்சளாக. ரபியின் இடக்கன்னத்தில் இப்போது இருப்பது அந்த நிறம்.

படத்தை வைக்கக் கேட்ட மண்டபம் கடைசி நேரத்தில் கைவிரித்தது. எனவே அவுஷ்விட்ஸ் விடுதலையின் 80ஆம் ஆண்டு நாளான ஜனவரி 27 மாலை, நம் தமிழ் வகுப்பறையிலேயே திரை விலக்கினோம். யூத அயலவர்களும் பள்ளிவாசல், தேவாலயத்தைச் சேர்ந்தவர்களும் வந்தார்கள். மூத்த யூத அம்மா ஒருவர் படத்தடியில் இருந்த சிட்டியை எடுத்து, கரிபிடித்த விளிம்பை விரலால் தடவியபடி வெகுநேரம் நின்றார். நாங்கள் யாரும் பேசவில்லை.

படத்தை அவ்வறைச் சுவரிலேயே நிரந்தரமாக மாட்டவும், வரும் விளக்கீட்டுக்கு அயல் யூதக் குடும்பங்களை அழைக்கவும் பொதுச்சபையின் அனுமதியைக் கோருகிறேன். சட்டகத்துக்கான செலவை ஆசிரியை தன் கைப்பணத்திலிருந்து கொடுத்துள்ளார். அதைச் சங்கம் திருப்பித்தர வேண்டும்.

நன்றி.
செயலாளர்