தாத்தா தோட்டம்

பெகு, பர்மா,
கார்த்திகை 3.

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு ஆண்டவனை வேண்டிக்கொள்கிறோம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் தப்பு என்மேல். வாயைத் திறந்தால் சொல்ல வரவில்லை. நீயும் தமிழ் வாசித்து நாளாகிறது, எழுத்துக் கூட்டியாவது படி.

சித்திரையில் தாத்தா தோட்டத்தைத் திருத்த நீ பணம் அனுப்பினாயே, அதில் பாதி வீண் தம்பி.

அந்த இடம் எப்படிக் கிடந்தது என்று உனக்குத் தெரியும். 1964-ல் இங்கிருந்த நம் ஜனங்கள் மூட்டை கட்டி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினபோது, வைத்த பலாக்கன்று காய்க்கட்டும் என்று தங்கிவிட்ட மனுஷன் உன் தாத்தா. அவருக்குப் பிறகு யாரும் மண்வெட்டி வைக்கவில்லை. ஆள் உயரத்துக்குப் புல், பர்மாக்காரர்கள் தெக்கே என்பது. நீ இருக்கும் மலேசியாவில் லாலாங் என்பார்களே, அதே புல்தான். நடுநடுவே புதர். புத்தாண்டுத் தண்ணீர் விளையாட்டு ஓய்ந்ததும் நானும் பக்கத்து வீட்டு பர்மாக்காரரும் டா என்கிற பர்மா வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினோம். தீ வைத்தால் ஒரே நாளில் முடியும் என்றார்கள். சுற்றிலும் கூரை வீடு, பலாமரம் வேறு நிற்கிறது, நான் ஒப்பவில்லை. தீ வைத்தாலும் மேல்புல்தான் கருகும், மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு ஒன்றும் ஆகாது. அறுத்த புல்லை அவர் மாட்டுக்கொட்டகைக் கூரை வேய எடுத்துப் போனார். குனிந்து அறுக்கையில் கண்ணாடி விரியன் ஒன்று காலடியில் சீறியது. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன், பிழைத்தேன்.

இதுவரை சரி. பிறகுதான் புத்தி கெட்டது. வைகாசி முதல் மழை விழுந்து மண் இளகியதும் கை டிராக்டர் வாடகைக்கு வைத்து உழுதுவிட்டேன். உன் அம்மா வேண்டாம் என்றாள். “ஒரு வேரை நூறாக்கப் போறீங்க” என்றாள். சாயங்காலம் பார்த்தால் நிலம் பரம்படித்த மாதிரி இருந்தது. உனக்கு அனுப்பின படம் அன்றைக்கு எடுத்ததுதான். மூன்றே வாரம்! ஊசி ஊசியாக நிலம் முழுக்கத் தெக்கே. அதன் வேர் மண்ணுக்குள் படுத்தே ஓடும், வெள்ளையாக, கணுக்கணுவாக. கலப்பை அதைத் துண்டு துண்டாக நறுக்கி நாலு பக்கமும் நட்டுவிட்டது. கணு உள்ள துண்டு விரல் நீளம் இருந்தாலும் போதும், தழைத்துவிடும். அந்தப் படத்தை அனுப்பத் தெரிந்த எனக்கு இதை அனுப்பக் கை வரவில்லை.

ஆடி மழையில் தோண்டினால் சேறுதான் மிஞ்சும். தெக்கேக்கு நிழல் ஆகாது என்பதால் அம்மா சொன்னபடி முளைத்ததை அறுத்து அறுத்துப் போட்டு, காராமணியை நெருக்கமாகத் தூவினோம். கொடி படர்ந்த இடத்தில் புல் மெலிந்து வெளுத்தது. கொடி ஏறாத கிழக்கு மூலையில் மட்டும் அது ராஜாவாக நின்றது.

ஐப்பசியில் மழை விட்டதும் தினம் காலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான், முள் மண்வெட்டியால் குத்திப் புரட்டினேன். வெட்டுகிற மண்வெட்டியைத் தொடவே இல்லை. ஓரடி ஆழத்துக்குக் கட்டியைத் தூக்கி, உதறி, வேரைக் கையால் உருவுவது. அம்மா பின்னாலேயே உட்கார்ந்து நூல் போன்ற வேரைக்கூடப் பொறுக்கினாள். எருக்குழியில் போட்டால் திரும்ப முளைக்கும் என்று தகரத்தில் பரப்பி, ஒடித்தால் முறிகிற அளவுக்குக் காயவைத்துக் கொளுத்தினோம். இடுப்பு விட்டுப்போனது, பொய் சொல்லவில்லை. நாற்பதுக்கு அறுபது அடி நிலத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியில் அரை அடி கனத்துக்கு வைக்கோல் பரப்பி மூடிவைத்திருக்கிறேன்.

இங்கே பெய்கிற மழைக்கு மேல்மண்ணின் சத்தெல்லாம் கழுவிப் போயிருக்கும். அரிசி ஆலையிலிருந்து உமிச் சாம்பல் நாலு மூட்டை, மாட்டெரு இரண்டு வண்டி போட்டுப் பாத்தி கட்டினேன். மிளகாய் போடலாம் என்றாய். இந்த வருஷம் வேண்டாம். முதலில் மொச்சை, வேரில் சத்துப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். ஓரத்தில் கடுகுக்கீரையும் கொத்தமல்லியும். மிளகாய் அடுத்த வருஷம், அதுவும் களை வராத பாத்தியில்.

மொச்சை முளைத்து நாலு இலை விட்டிருக்கிறது. நேற்று அதற்கு நடுவே ஒரு தெக்கே ஊசி. வேரோடு உருவினேன், முழம் நீளம் வந்தது. அம்மா வாங்கிப் பார்த்து, “இன்னும் உள்ளே இருக்கு” என்றாள்.

இனி டிராக்டருக்குப் பணம் அனுப்பாதே. கிணற்றுக் கயிறு இற்றுப்போயிருக்கிறது. அடுத்து வரும்போது அங்கே நைலான் கயிறு நல்லதாகக் கிடைத்தால் நாற்பது அடி வாங்கி வா.

அப்பா