டெலிவரி மேனேஜர்களுக்கு: ஸ்பிரின்ட்டுக்கு இரண்டு நாள் வேண்டும்

எங்கள் அலுவலக டெலிவரி மேனேஜர்களுக்கு வணக்கம்.

நம் சாஃப்ட்வேரில் யாரும் பயன்படுத்தாத கோடை (code) எடுத்துவிடலாமா என்று ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும், அதாவது ஒவ்வொரு குறுகிய வேலைச் சுற்றிலும், கேட்கிறேன். "ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்கிறாய்?" என்கிறீர்கள். நான் பிரிக்கக் கேட்பது ஓடாத வண்டியைத்தான்.

நைட் கேப்பிடல் கதையைச் சொல்கிறேன். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்த புதிய வசதிக்காக எட்டு சர்வர்களில் கோடு மாற்ற வேண்டியிருந்தது. ஏழில் மாற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது. சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. விட்டுப்போன சர்வரில், 2003-லேயே கைவிட்ட 'பவர் பெக்' என்ற பழைய கோடு அப்படியே கிடந்தது. புதிய வசதிக்கோ அந்தப் பழசை இயக்கும் சுவிட்சான ஃபிளாகையே எடுத்திருந்தார்கள்! ஆர்டர் நிறைவேறியதும் நிறுத்தச் சொல்லும் பகுதியை 2005-ல் வேறிடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். அதன்பின் பவர் பெக்கை யாரும் சோதிக்கவில்லை.

சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் நிறுத்தத் தெரியாமல் ஆர்டர்களை அனுப்பித் தள்ளியது. திறப்பதற்கு முன்பே பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்கள் உள்ளே போயிருந்தன, யாரும் கவனிக்கவில்லை. பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலும் புதிய கோடை நீக்கினார்கள். அதே ஃபிளாகால் அங்கேயும் பவர் பெக் எழுந்துகொண்டது. சுமார் 45 நிமிடத்தில் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

நமக்கு அவ்வளவு பணம் இல்லை என்பது வேறு விஷயம்.

போன ரிலீஸில் நாமும் ஃபைல்களைக் கையால்தான் நான்கு சர்வர்களுக்கு நகலெடுத்தோம். எக்செல் ஷீட்டில் நான்குக்கும் நேரே 'டன்' இருந்தது. மூன்றாவதில் பழைய ஃபைலே இருந்தது. நடுவில், நகலெடுத்த பையனுக்கு வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது. காலையில் ஒரு டெஸ்டர் தற்செயலாகப் பார்த்ததால் தப்பித்தோம். நகலெடுத்த பையனைத் திட்டினீர்கள். இரவு பதினொன்றரைக்கு யார் செய்தாலும் அப்படித்தான் விட்டுப்போகும்.

கேட்பது இவ்வளவுதான். ஸ்பிரின்ட்டுக்கு இரண்டு நாள். அதில் முதலில், சர்வர்களுக்கு ஃபைல்களைத் தானே அனுப்பும் ஒரு டிப்ளாய் ஸ்கிரிப்ட் எழுதுகிறோம். நான்கு சர்வரிலும் ஒரே வெர்ஷன் இல்லையென்றால் அதுவே நின்றுவிடும். அப்புறம் செத்த கோடை அழிக்கிறோம். கோடின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் கிட்டில் (Git) எல்லாம் இருக்கிறது, வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பில்லிங் மாட்யூலில் வேறெந்தக் கோடும் கூப்பிடாத ஒரு ஃபங்ஷன் (தனி வேலை செய்யும் கோடுத் துண்டு) இருக்கிறது. மேலே 'தற்காலிகம்' என்று கமென்ட். எழுதியவர் வேலையை விட்டு நான்கு வருடமாகிறது. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அனுமதி கொடுங்கள்.