பருவ நிறைவுக் கடிதம்: பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இன்னொரு பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் எல்லா வகுப்பு மாணவர்களும் உற்சாகமாகப் பங்கேற்றார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்போர் கூடியிருக்கிறார்கள். வருகைப்பதிவும் திருப்தியாக உள்ளது. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அறிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இந்தப் பருவத்தில் ஆசிரியர்கள் பலர் கவலையோடு சொன்ன ஒரு விஷயத்தை உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. மாணவர்களின் கைப்பேசிக்கு ஏற்கெனவே விதி இருக்கிறது. இது பெரியவர்களாகிய நம் கையில் இருக்கும் கைப்பேசி பற்றியது.

பள்ளி விட்டதும் வாசலில் நடப்பதைப் பாருங்கள். காகிதத்தில் மடித்த பறவையைக் கசங்காமல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு ஒரு குழந்தை ஓடி வருகிறது. ‘இங்க பாரேன்’ என்கிறது. ‘ம்... சொல்லு, சொல்லு’ என்று பதில் வருகிறது. கண் திரையில் இருக்கிறது, கட்டைவிரல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. குழந்தை இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறது. மூன்றாம் முறை சொல்வதில்லை. பறவை பைக்குள் போய்விடுகிறது. இரவில் ‘இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?’ என்று கேட்டால் ‘ஒண்ணும் இல்ல’ என்கிறது. ‘பிள்ளை எங்ககிட்ட வாயே திறக்கிறதில்ல’ என்று எங்களிடம் வருந்தும் பெற்றோர்கள், அந்த வாய் பெரும்பாலும் திறப்பது வாசலில் கிடைக்கும் முதல் சில நிமிடங்களில்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘காது கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு’ என்று தோன்றலாம். ஆனால் பேச்சு காதால் மட்டும் நடப்பதில்லை. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வில், கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இடைவெளி இருந்தது. பேசுபவர் முடிக்கப்போவதைக் குரலிலிருந்தும் முகத்திலிருந்தும் முன்கூட்டியே பிடித்தால்தான் அவ்வளவு விரைவாகப் பதில் சொல்ல முடியும். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பவரின் ‘ம்’ தாமதமாக வருகிறது, இடம் தவறியும் வருகிறது. தான் சொல்வதில் சுவை இல்லை என்றே குழந்தை அதைப் புரிந்துகொள்கிறது.

முகம் படிக்கும் திறன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வருவது. 2014இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வொன்றில், ஐந்து நாள் எந்தத் திரையும் இல்லாத முகாமில் இருந்த 11, 12 வயதுப் பிள்ளைகள், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளைவிட அடுத்தவர் உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதில் அதிகம் முன்னேறினார்கள். ஐந்தே நாள்.

இனி பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குகிறோம். மதிப்பெண்ணைப் பற்றி முதல் நிமிடத்திலேயே பேசிவிடலாம். பிள்ளை இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், நோட்டை யாருக்கும் காட்டாமல் மறைக்கிறாள் போன்றவற்றைச் சொல்ல ஆசிரியருக்குக் கொஞ்சம் நேரமும் தைரியமும் வேண்டும். ஏழாவது, எட்டாவது நிமிடத்தில்தான் பேச்சு அங்கே வந்து சேரும். அந்த நேரம் பார்த்து மேசையில் கைப்பேசி அதிரும். ‘ஒரு நிமிஷம் சார்’ என்று எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பும்போது இழை அறுந்திருக்கும். ஆசிரியர் மறுபடியும் மதிப்பெண்ணுக்கே போய்விடுவார். சொல்ல வந்தது சொல்லப்படாமலே அடுத்த குடும்பம் உள்ளே வந்துவிடும்.

கவிழ்த்து வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது என்பதே என் கருத்து. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனைகளில், அமைதிப் பயன்முறையில் கவிழ்த்து மேசைமேல் வைத்தவர்களைவிட, வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்களே நினைவாற்றல், சிந்தனைத் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் செய்யப்பட்ட சோதனைகள் சிலவற்றில் அதே அளவு வேறுபாடு தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் பைக்குள் போடுவதற்கு நமக்கு எந்தச் செலவும் இல்லை.

ஆகவே அடுத்த பருவம் முதல், வாயிலைக் கடந்து உள்ளே வந்தால் கைப்பேசி பைக்குள் இருக்க வேண்டும். சந்திப்பு அறையில் மேசைமேல் வைக்க அனுமதி இல்லை. அறிவிப்பு காட்டும் கடிகாரத்துக்கும் இது பொருந்தும். முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லாமல் சந்திப்பின் நடுவே அழைப்பை எடுத்துப் பேசினால், சந்திப்பு அத்துடன் நிறுத்தப்பட்டு வேறு நாள் தரப்படும். ஆசிரியர்களுக்கும் எனக்கும் இதே விதிதான். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

வீட்டில் நோயாளி இருக்கலாம், விடமுடியாத வேலை இருக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அமைப்பைப் போட்டு, வீட்டார் இரண்டு மூன்று பேரின் எண்ணுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ‘மீண்டும் அழைப்பவர்’ என்ற வசதியையும் சேர்த்துப் போட்டால், அதே எண்ணிலிருந்து ஐபோனில் 3 நிமிடத்துக்குள்ளும் ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள்ளும் இரண்டாவது அழைப்பு வரும்போது மணி அடிக்கும். வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள்: அவசரம் என்றால் உடனே இரண்டு முறை கூப்பிட வேண்டும். அப்படி ஓர் அழைப்பை எதிர்பார்த்து வருகிறீர்கள் என்றால் உட்காரும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், காத்திருப்பார். வாசலுக்கு வெளியே, பிள்ளை வந்த நேரத்தில் பேசியே ஆக வேண்டியிருந்தால், ‘மருத்துவமனைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்’ என்று காரணத்தைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். முடித்ததும் விட்ட இடத்திலிருந்தே கேளுங்கள்: ‘வால் மடிக்கிறப்போ என்ன ஆச்சுன்னு சொன்னே?’

கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் மாணவர்களின் பதில் நீள்கிறது என்று 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். வகுப்பறைக்குச் சொன்னதுதான், வீட்டிலும் செய்து பாருங்கள்.

இந்தக் கடிதத்தில் கடுமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தை மாற்றி, வெயிலிலும் மழையிலும் வந்து நின்று பிள்ளைகளை அழைத்துச் செல்கிறீர்கள் என்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். கைப்பேசியை ஏற்கெனவே பைக்குள் வைத்துவிட்டு வரும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் தனிப்பட்ட நன்றி. சந்திப்புக்கான நேர அட்டவணை, பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பப்படும்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்