அந்த ஒரு மணி நேரம் குழந்தை யார் கையில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தாய்மார்களின் மனநலம் குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு ஒரு நோய், சோம்பலோ திமிரோ அல்ல என்று பட்டவர்த்தனமாக எழுதியதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தி உறுத்திக்கொண்டே இருக்கிறது. தயங்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள், உங்களுக்கென்று தினமும் சிறிது நேரம் ஒதுக்குங்கள் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். நல்ல வார்த்தைதான். ஆலோசகர் முன்னால் போய் உட்காரும் அந்த ஒரு மணி நேரம் குழந்தை யார் கையில் இருக்கும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை.

நான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கும் செவிலியர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் இந்த நோய் வந்தது.

மனச்சோர்வின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எங்கள் பிரிவில் தாய்மார்களிடம் ஒரு தாளைக் கொடுப்போம். எடின்பரோ வினாத்தாள் என்று பெயர். ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி என்ற மூவர் 1987இல் வெளியிட்டது. பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாட்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 30. கூட்டுத்தொகை 13ஐத் தொட்டால் மருத்துவரிடம் அனுப்புவோம். பத்தாவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 'இல்லவே இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அன்றைக்கே உட்காரவைத்துப் பேசியாக வேண்டும்.

தாள் நல்ல தாள். அதை நிரப்பும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும். ஊசி போட்ட குழந்தை இடது தோளில் கிடந்து வீரிட்டு அழும். தாள் முழங்கால் மேல் இருக்கும். பேனா பிடித்த கையாலேயே குழந்தையின் முதுகையும் தட்டிக்கொடுக்க வேண்டும். உடன் வந்தவர் எட்டிப் பார்த்துக் கேள்வியைச் சத்தமாகப் படிப்பார், பதிலையும் அவரே சொல்லிவிடுவார்: "உனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறாய்." அவள் ஒரு நொடி தாளைப் பார்ப்பாள். பிறகு அவர் சொன்னதையே வட்டமிடுவாள். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

மனக்கஷ்டத்தால் தூக்கம் வராமல் போனதா என்று ஒரு கேள்வி உண்டு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யார்தான் தூங்குகிறார்கள் என்று பல பேர் சிரித்துவிடுவார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன். "குழந்தை தூங்கும்போதாவது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?" சிலர் அப்போது சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். அவர்களை நான் எளிதில் எழுந்து போக விடுவதில்லை.

இவ்வளவு தெரிந்த நான் என் முறை வந்தபோது பொய் எழுதினேன். ஆறாவது வார ஊசிக்கு என் குழந்தையை எங்கள் பிரிவுக்கே கொண்டுபோனேன். சக செவிலியர் தாளை நீட்டினார். எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பது எனக்கு மனப்பாடம். சந்தேகம் வராத அளவுக்கு அங்கங்கே ஒன்று போட்டு, 7க்கு மேல் போகாமல் முடித்தேன். உண்மையாக எழுதியிருந்தால் 20ஐ நெருங்கியிருக்கும். அடுத்தவர் பிள்ளைகளைத் தொட்டுத் தூக்கும் வேலைக்கு நான் லாயக்கில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. மாடிப்படி இறங்கும்போதெல்லாம் குழந்தை கையிலிருந்து நழுவி விழுவது போல் ஒரு காட்சி கண்முன் வந்துபோகும். யாரிடம் சொல்வது? பின்னாளில் ஆலோசகர் சொல்லித்தான் தெரிந்தது, இப்படி அழையாமல் வரும் எண்ணங்கள் ஏராளமான இளம் தாய்மார்களுக்கு வருகின்றன என்று. அந்த எண்ணத்தைக் கண்டு தாய் நடுங்குகிறாள் என்றால் அவள் அதைச் செய்ய விரும்பவில்லை என்றே பொருளாம். இதைச் சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேரோ.

இங்கே கட்டுரையாளரிடம் இன்னொரு சண்டை. மூன்று வெவ்வேறு நிலைகளை அவர் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலோருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தாலோ, பிரசவமான ஓராண்டுக்குள் பிறகு எப்போது தொடங்கினாலோ, அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை வேண்டும். பிரசவித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, அதில் பெரும்பங்கு மனச்சோர்வு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் நாடுகளில் இது ஏறக்குறைய 20. மூன்றாவது நிலை ஆயிரத்தில் ஒருவர் இருவருக்குத்தான் வரும். தூக்கமே தேவைப்படாது, இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் வரும், பேச்சு தடம் மாறும். அதற்கு ஆலோசகரிடம் நாள் குறித்துக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். பதினான்காவது வார ஊசிக்குப் போனபோது அதே சக செவிலியர் தாளை எடுக்கவில்லை. குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "இவனை நான் வைத்திருக்கிறேன், நீ கொஞ்சம் உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். வெறுங்கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். பிறகு அழத் தொடங்கினேன். வெகு நேரம் ஓயவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நான் ஆலோசகரிடம் பேசும்போதெல்லாம் தன் உணவு இடைவேளையில் குழந்தையோடு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவர் அவர்தான். என் சிகிச்சையில் பாதி அந்த வராந்தாவில் நடந்தது.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன், என்னதான் பேசுவார்கள் என்று பலருக்குப் புதிராக இருப்பதால். என் பிள்ளைப் பருவத்தை யாரும் கிளறவில்லை. இரவில் யார் எப்போது எழுவது, உதவி என்று கேட்க ஏன் வாய் வரவில்லை, 'நான் மோசமான தாய்' என்ற நினைப்பு எந்த நேரத்தில் எதைத் தொட்டு வருகிறது என்பவைதான் பேச்சு. கணவரையும் இரண்டு முறை வரச் சொன்னார். (தந்தையருக்கும் இந்தச் சோர்வு வருவதுண்டு; அது தனிக் கடிதம்.) மாத்திரையும் தந்தார்கள். பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது என்பதால் அதைப் பல மருத்துவர்கள் முதலில் நினைக்கிறார்கள். எது, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் மருத்துவரின் வேலை.

ஆளுக்கொரு நிபுணருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பாகிஸ்தான் கிராமங்களில் மனநல ஆராய்ச்சியாளர் அதிஃப் ரஹ்மானும் அவருடைய குழுவினரும் செய்ததைப் பாருங்கள். வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கே, கடைசி மாதத்தில் தொடங்கி 16 முறை போய்ப் பேசினார்கள். 2008இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது: குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இப்படிப் பேசப்பட்ட தாய்மாரில் 23 சதவீதம் பேரிடமே மனச்சோர்வு நீடித்தது, வெறுமனே வந்து பார்த்துவிட்டுப் போன வீடுகளில் 53 சதவீதம். மனநோய்க்கு மருத்துவம் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வாசற்படி ஏறவில்லை. குழந்தை நன்றாக வளர வேண்டும் என்ற பேச்சோடு போனார்கள், குடும்பமும் கதவைத் திறந்தது.

குழந்தையை ஊசிக்குத் தூக்கி வரப் பெரும்பாலான தாய்மார் மறப்பதில்லை. ஆறு, பத்து, பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று எங்களிடம் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அங்கேயே ஒரு சின்ன அறை, குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள், உடன் வந்தவரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரவைக்கும் துணிச்சல். இவ்வளவுதான் நான் கேட்பது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்தப் பொருள் பற்றி அடுத்த முறை எழுதச் சொல்லும்போது, தாய்மாருக்கென்று எழுத வேண்டாம் என்று கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். அவர்களுக்குப் படிக்க நேரம் கிடையாது. ஊசி போடும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருப்பவர் உடன் வந்தவர்தான். அவருக்கு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தடுப்பூசிப் பிரிவுச் செவிலியர் ஒருவர்