செல்வத்தின் கால், என் வண்டி நம்பர்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. மன்னித்துவிடு. அம்மா நன்றாக இருக்கிறாள், கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி சீரியல் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அத்தை உன்னை விசாரித்தாள், பார்சலையும் விசாரித்தாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நியூ ஜெர்சி எடிசனில் மணிக்கு 45 மைல் ரோட்டில் 63-ல் போய் மாட்டிக்கொண்டேன், லைசென்ஸில் 4 அபராதப் புள்ளி ஏறிவிட்டது, அடுத்த ரினியூவலில் இன்சூரன்ஸும் ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாய். முதல் தடவை படித்தபோது சத்தமாகச் சிரித்தேன். கல்மண்டபத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தவளடி நீ! உனக்கு வேகத்துக்கு அபராதமா? இந்த வாரம் அதே கடிதத்தை எடுத்து நாலு தடவை படித்துவிட்டேன். சிரிப்பு வரவில்லை.

போன மாதம் ஒரு காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். போனில் மெசேஜ். என் வண்டி நம்பருக்கு சலான். திறந்தால் படம். எண்ணூர் விரைவு சாலை, இரவு. நம்பர் பிளேட் வெள்ளையாகப் பளிச்சென்று விழுந்திருக்கிறது. பம்பருக்குக் கீழே நான் அமாவாசைக்குக் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும்கூடத் தெரிகிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற முகம் மட்டும் தெரியவில்லை. ஒரே கறுப்பு. வேகம் மணிக்கு 84 கிலோமீட்டர். அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஓட்டியது நம் செல்வம், என் அக்கா பையன். சிநேகிதனைத் திருவொற்றியூரில் விட்டுவிட்டு வருகிறேன் என்று சாவி வாங்கிப் போனான்.

“ஆயிரம் ரூபாய்தானே சித்தி, நானே கட்டிடறேன்” என்று அப்போதே போனில் பணம் அனுப்பினான். பதினெட்டு நாள் கழித்து அடுத்த மெசேஜ். அதே ரோடு. 91.

அந்த ரோடு உனக்குத் தெரியும். ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் இன்னமும் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. இரண்டு லாரிக்கு நடுவிலிருந்து டிரைவரோ கிளீனரோ டீ வாங்கக் குறுக்கே வருவார். மீன் கூடையோடு பெண்கள் வருவார்கள். விஜயாவின் அண்ணனும் அப்படித்தானே வந்து அடிபட்டார். அந்த இடம் வந்தால் இன்றைக்கும் என் கை தானாக இரண்டாவது கியருக்குப் போய்விடும். 2023 நவம்பரில் சென்னை முழுக்க காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வைத்தார்கள். 60-ஏ அந்த ரோட்டுக்கு அதிகம் என்பேன். இவன் 91-ல் போயிருக்கிறான்.

இன்சூரன்ஸ் ரினியூவலுக்கு வந்த ஏஜென்ட் அண்ணனிடம் கேட்டேன், இந்த சலானால் பிரீமியம் ஏறுமா என்று. “அதெல்லாம் இங்க பார்க்கறது இல்லம்மா” என்றார். கிளெய்ம் போட்டிருக்கிறேனா என்பதுதான் அவருக்கு வேண்டும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதால் ஓன் டேமேஜில், அதாவது என் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில், எனக்கு 50 சதவீதம் கழிவு. ஒரு கிளெய்ம் போட்டால் அது போய், மறுபடி 20-லிருந்து ஏறி வரவேண்டும். அடுத்தவருக்கு அடிபட்டால் கொடுக்கிற தேர்ட் பார்ட்டிக்கு, 1000 சிசிக்கு மேல் 1500 வரை உள்ள காருக்கு, 2022 ஜூனில் வைத்த 3,416 ரூபாய். நிதானமாக ஓட்டுகிறவருக்கும் அதுதான், பறக்கிறவனுக்கும் அதுதான். 2021 ஜனவரியில் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற ஐஆர்டிஏஐ-யின் குழு ஒன்று ஒரு வரைவு கொடுத்ததாம். குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி, அதற்கேற்ப பிரீமியம், முதலில் டெல்லியில் சோதனை என்று. அதிலும் புள்ளி வண்டிக்குத்தான், பணம் கட்டவேண்டியது சொந்தக்காரர்தான். செல்வத்தின் காலுக்கு நான் புள்ளி வாங்கவேண்டும்!

உங்கள் நியூ ஜெர்சி கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது மாலதி. மூன்று வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் வருடா வருடம் 150 டாலரிலிருந்து தனி வசூல், 12 ஆனால் லைசென்ஸே போய்விடும், ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டினால் 3 புள்ளி கழியும் என்று எழுதியிருந்தாய். ஓட்டினவள் நீ, ஏறினதும் உன் பெயரில், கழிவதும் உன் பெயரில். இங்கே பணம் கட்டினால் விஷயம் முடிந்தது என்று செல்வம் நினைக்கிறான். அவனைப் பொறுத்தவரை ஆயிரம் ரூபாய் என்பது 84-ல் போவதற்கான டிக்கெட் விலை.

ஆனால் சட்டத்தில் முடியவில்லை, அதுதான் எனக்குத் தூக்கம் போன காரணம். முன்பு 400 ரூபாயாக இருந்த அபராதத்தை 2019-ல் 1000-லிருந்து 2000 வரை ஆக்கியபோதே, இரண்டாவது தடவை வேகத்துக்கு மாட்டினால் லைசென்ஸைப் பறிக்கலாம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 2015-லேயே, உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, வேகத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்யுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் சொந்தக்காரர் சொல்லியாகவேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவு. நான் பெயரைச் சொன்னால் இரண்டு சலானும் அவன் லைசென்ஸில் போய் உட்காரும். அவனோ ஹெவி லைசென்ஸ் எடுத்து டிரெய்லர் ஓட்டப்போகிறேன் என்று இருக்கிறான். ஹார்பரில் வேலையும் பேசி வைத்திருக்கிறான். அக்கா போனில் அழுகிறாள், “நீயே கட்டிடு, பையன் பொழப்பு” என்று.

சொல்லாமல் விட்டால்? 91-ல் பழகின கால், நாற்பது அடி கன்டெய்னரை இழுத்துக்கொண்டு அதே ரோட்டில் வரும். சஸ்பெண்ட் ஆனபிறகு யாருக்கும் தெரியாமல் என் வண்டியை எடுத்தால் இன்னும் மோசம். வண்டிக்கு அடி என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். ஆள் அடிபட்டால், அவருக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டு என்று என்னிடம் வரலாம். பணத்தை விடு. விஜயா அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

சொல்லிவிடப் போகிறேன். நேற்று அவனைக் கூப்பிட்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். “இதுல மூஞ்சி தெரியல சித்தி” என்றான். “எனக்குத் தெரியுதுடா” என்றேன். அப்புறம் அவன் ஒன்றும் பேசவில்லை. சாப்பிடாமல் போய்விட்டான். சாவி இப்போது அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. அக்கா நான்கு நாளாகப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு போலீஸிடம் போகிறேன், வந்தால்.

புள்ளி குறைய நீ ஒரு வகுப்புக்குப் போனாயே, 2 புள்ளி கழித்தார்களே, அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? என்ன படம் காட்டினார்கள், என்ன கேட்டார்கள், எல்லாவற்றையும் விடாமல் எழுது. அவனை உட்காரவைத்து வாசித்துக் காட்டவேண்டும். நீ சொன்னால் கேட்பான், சின்ன வயதிலிருந்தே உன்னிடம் அவனுக்கு ஒரு மரியாதை உண்டு. முடிந்தால் போனே போடு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

உன்
கௌரி